பழியை யார் சுமப்பது?
அமெரிக்க உள்நாட்டுப் போர் சொல்லும் தலைமைத்துவப் பாடம்

(தலைமைத்துவம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தலைமைத்துவம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் ஒரு போரைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. நிகழ்ச்சி படைப்பது என் தொழில். ஆனால் இந்தப் போரைப் பற்றிப் படிக்கத் தூண்டியதே என் தொழிலில் நடந்த ஒரு சின்ன சம்பவம்தான்.

நேரலை நிகழ்ச்சி நடக்கும்போது எங்கள் காதில் ஒரு சிறிய கருவி இருக்கும். அதில் ஒரே ஒருவரின் குரல்தான் கேட்க வேண்டும். ஒருநாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் "விளம்பரத்துக்குப் போங்கள்" என்கிறார். மற்றவர் "பேட்டியைத் தொடருங்கள்" என்கிறார். நேயர்கள் முன்னால் நான் அரை நிமிடம் திருதிருவென்று விழித்தேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். "தவறு என்னுடையது" என்று யாரும் சொல்லவில்லை.

அரை நிமிடம்தான். யாருக்கும் உயிர் போகவில்லை. இதே குழப்பமும் இதே பழிபோடுதலும் லட்சம் பேர் கொண்ட படையில் நடந்தால் என்ன ஆகும்? அமெரிக்க உள்நாட்டுப் போர் அதற்குப் பதில் சொல்கிறது.

ஏட்டில் வெல்ல வேண்டிய போர்

1861 ஏப்ரல் 12ஆம் தேதி, தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டை மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. போர் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்துக்கொண்டன. அதன் அதிபர் ஜெபர்சன் டேவிஸ். ஒன்றுபட்ட அமெரிக்காவின் அதிபர் ஆபிரகாம் லிங்கன்.

கணக்குப் பார்த்தால் வடக்குத்தான் வெல்ல வேண்டும். வடக்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 220 லட்சம். தெற்கில் 90 லட்சம். அதிலும் 35 லட்சம் பேர் அடிமைகள். ஆலைகள், இரயில் பாதைகள், கப்பல்கள் எல்லாம் பெரும்பாலும் வடக்கின் கையில். ஆனாலும் போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்ததாக நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். அண்மைய ஆய்வுகள் 7 லட்சத்தை ஒட்டி, அதற்கு மேலும்கூடச் சொல்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டேவிஸ் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் சண்டையிட்டவர், அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சராகவும் இருந்தவர். லிங்கனோ வழக்கறிஞர். 1832இல் சில வாரங்கள் ஊர்ப்படையில் இருந்தார். ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. அதிபரான பிறகு நாடாளுமன்ற நூலகத்திலிருந்து போர்க்கலை நூல்களை வரவழைத்துப் படித்தார். இருவரில் யாருக்குப் போர் நடத்தத் தெரியும் என்று அன்று கேட்டிருந்தால், எல்லாரும் டேவிஸைத்தான் காட்டியிருப்பார்கள்.

1861 ஜூலை 21ஆம் தேதி புல் ரன் என்ற ஓடைக்கரையில் முதல் பெரிய சண்டை நடந்தது. வெற்றி நிச்சயம் என்று நம்பி, வாஷிங்டனிலிருந்து பெரிய மனிதர்கள் சாப்பாட்டுக் கூடையுடன் குதிரை வண்டிகளில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். மாலையில் வடக்குப் படை சிதறி ஓடியது. வேடிக்கை பார்க்கப் போனவர்களும் சேர்ந்து ஓடினார்கள். லிங்கன் புதிய தளபதி ஒருவரை அழைத்தார். அவர்தான் ஜார்ஜ் மெக்லெல்லன். வயது 34.

வாசலில் காத்திருந்த அதிபர்

மெக்லெல்லன் திறமைசாலி. சிதறிய படையைச் சில மாதங்களில் ஒழுங்குபடுத்தினார். வீரர்கள் அவரை உயிராக நேசித்தார்கள். பத்திரிகைகள் 'இளம் நெப்போலியன்' என்று எழுதின. அந்தப் புகழ் தலைக்கேறிவிட்டது.

1861 நவம்பர் 13ஆம் தேதி இரவு லிங்கன், வெளியுறவு அமைச்சரையும் தம் செயலாளரையும் அழைத்துக்கொண்டு மெக்லெல்லன் வீட்டுக்குப் போனார். தளபதி ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். மூவரும் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தளபதி வந்தார். அதிபர் காத்திருக்கிறார் என்று வேலையாள் சொல்லியும், அந்த அறையைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டார். இன்னும் அரை மணி நேரம் போனது. மறுபடியும் ஆள் அனுப்பிக் கேட்டபோது, தளபதி தூங்கப் போய்விட்டார் என்று பதில் வந்தது.

செயலாளருக்குக் கோபம் தாங்கவில்லை. லிங்கன் அவரைச் சமாதானப்படுத்தினார். இந்த நேரத்தில் மரியாதை, மானம் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றார். வெற்றி தேடித் தந்தால் மெக்லெல்லனின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தயார் என்று இன்னொரு முறை சொன்னதாகவும் பதிவு இருக்கிறது.

நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்வோம்? ஒரு விழாவில் மாலை போடாவிட்டால் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இல்லாத எதிரியைக் கண்டு அஞ்சியவர்

மெக்லெல்லனின் குறை கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. எதிரியை எப்போதும் இரு மடங்கு, மும்மடங்காக எண்ணினார். அதனால் எத்தனை ஆயிரம் வீரர்களை அனுப்பினாலும் போதாது என்றார். 1862 மார்ச் மாதம் தெற்குப் படை சென்டர்வில் என்ற இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனது. அங்கே போய்ப் பார்த்தால், மாதக்கணக்கில் அவர் அஞ்சிக்கொண்டிருந்த பீரங்கிகளில் சில வெறும் மரக்கட்டைகள்! கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள்.

அதன்பின் 1 லட்சத்து 20 ஆயிரம் வீரர்களைக் கப்பலில் ஏற்றி, தெற்கின் தலைநகரான ரிச்மண்டைக் கிழக்குப் பக்கமிருந்து பிடிக்கப் போனார். வழியில் யார்க்டவுனில் சுமார் 13 ஆயிரம் பேரைக் கொண்ட ஒரு தெற்குப் படை. அதன் தளபதி, இருக்கிற வீரர்களையே சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, பெரிய படை இருப்பதாக நம்ப வைத்தார். மெக்லெல்லன் அங்கே ஒரு மாதத்தை இழந்தார்.

ரிச்மண்ட் தேவாலயங்களின் மணியோசை கேட்கும் தூரம் வரை அவர் படை போனது. அப்போது தெற்குப் படையின் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன் காயமடைந்தார். அவர் இடத்துக்கு இராபர்ட் லீ வந்தார். லீ ஏழு நாள் தொடர்ந்து தாக்கினார். எதிரியிடம் 2 லட்சம் பேர் இருப்பதாக மெக்லெல்லன் தந்தி அடித்தார். லீயிடம் அதில் பாதிகூட இல்லை.

ஜூன் 28ஆம் தேதி அவர் போர்த்துறை அமைச்சருக்கு இன்னொரு தந்தி அனுப்பினார். படையைப் பலிகொடுக்க வாஷிங்டனில் உள்ளவர்கள் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டார்கள் என்பது அதன் கடைசிப் பகுதியின் பொருள். தந்தி அலுவலக மேலதிகாரி அதைப் படித்துத் திடுக்கிட்டு, அந்த வாக்கியங்களை வெட்டிவிட்டுத்தான் அமைச்சரிடம் கொடுத்தார். ஒரு தளபதி அரசாங்கத்தையே குற்றம் சாட்டியதை ஒரு தந்தி அதிகாரி மறைக்க வேண்டிய நிலை!

இந்தத் தந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு தளபதியின் கடிதம் வரப் போகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அதே ஆண்டு செப்டம்பரில் மெக்லெல்லனுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. லீ மேரிலாந்துக்குள் நுழைந்தார். அவருடைய படைத்திட்டத்தின் பிரதி ஒன்று, மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக ஒரு வயலில் கிடந்து, வடக்கு வீரர்கள் கையில் சிக்கியது. எதிரியின் படை எங்கெங்கே பிரிந்து நிற்கிறது என்று அப்படியே தெரிந்துவிட்டது. அப்போதும் மெக்லெல்லன் மெதுவாகத்தான் நகர்ந்தார்.

செப்டம்பர் 17ஆம் தேதி ஆன்டீட்டம் ஓடைக்கரையில் சண்டை. ஒரே நாளில் இரு தரப்பிலும் மாண்டவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து சுமார் 23 ஆயிரம் பேர். லீயின் படையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தும், மெக்லெல்லன் ஒரு பெரும் பகுதியைச் சண்டையில் இறக்கவே இல்லை. மறுநாளும் தாக்கவில்லை. லீ இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து தப்பினார்.

லிங்கன் கிடைத்த வெற்றியைப் பயன்படுத்திக்கொண்டு, ஐந்தே நாளில் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பை வெளியிட்டார். ஆனால் தளபதி வாரக்கணக்கில் அசையவில்லை. குதிரைகள் களைத்துவிட்டன என்றார். ஆன்டீட்டம் சண்டைக்குப் பிறகு களைத்துப் போகும்படி உங்கள் குதிரைகள் என்னதான் செய்தன என்று லிங்கன் தந்தியில் கேட்டார். நவம்பர் 7ஆம் தேதி இரவு, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, பதவி நீக்க உத்தரவு மெக்லெல்லன் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்மை வாசலில் காக்க வைத்தபோது லிங்கன் அவரை நீக்கவில்லை. வேலை நடக்காதபோதுதான் நீக்கினார். இந்த வேறுபாடு மிக முக்கியம்.

பழியை ஏற்றால் மட்டும் போதுமா?

அடுத்து வந்தவர் பர்ன்சைட். அந்தப் பதவிக்குத் தாம் தகுதியில்லை என்று முன்பே மறுத்தவர். அவரைப் பிடித்துப் பதவியில் வைத்தார்கள். 1862 டிசம்பர் 13ஆம் தேதி பிரெடரிக்ஸ்பர்க்கில், ஒரு குன்றின் அடியில் கற்சுவருக்குப் பின்னால் மறைந்திருந்த எதிரியை நோக்கித் தம் வீரர்களை அலை அலையாக அனுப்பினார். வடக்குக்கு 12 ஆயிரம் பேருக்கு மேல் இழப்பு. பழி முழுவதும் என்னுடையது என்று பர்ன்சைட் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். ஆனால் அந்த நேர்மையால் மாண்டவர்கள் திரும்பி வரவில்லை. கீழே இருந்த தளபதிகள் அவரைத் தாண்டி நேரே அதிபரிடம் போய்ப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். பொறுப்பேற்கும் மனம் மட்டும் போதாது, திறமையும் வேண்டும் என்பதற்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு.

பிறகு ஹூக்கர். நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி தேவை என்று பேசித் திரிந்தவர். அவருக்குப் பதவி கொடுத்தபோது லிங்கன் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. நீங்கள் பேசியது என் காதுக்கும் வந்தது. வெற்றி பெற்ற தளபதிகள்தான் சர்வாதிகாரிகளாக முடியும். நீங்கள் வெற்றியைக் கொண்டு வாருங்கள், சர்வாதிகார ஆபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் ஹூக்கரின் படை லீயின் படையைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. லீ துணிந்து தம் சிறிய படையைப் பிரித்து, பக்கவாட்டில் தாக்கி வென்றார். ஆனால் அந்த வெற்றியில் தம் வலக்கையாக விளங்கிய ஸ்டோன்வால் ஜாக்சனை இழந்தார். இருட்டில் சொந்த வீரர்களே தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள்.

தெற்கில் நடந்த பதவிச் சண்டை

தெற்கிலும் தளபதிகள் சண்டை இருந்தது. அங்கே அதிபரே அதில் ஒரு கட்சியாகிவிட்டார். டேவிஸுக்குப் போர் நுணுக்கம் தெரியும். அதனாலேயே எல்லாவற்றிலும் தலையிட்டார். 1861இல் பதவி மூப்புப் பட்டியலில் ஜோசப் ஜான்ஸ்டனை நான்காவதாக வைத்தார். ஜான்ஸ்டன் கோபித்துக் கடிதம் எழுதினார். டேவிஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் எழுதினார். அந்தக் கசப்பு போர் முடியும் வரை ஆறவில்லை.

இன்னொரு பக்கம் பிராக்ஸ்டன் பிராக். 1863 செப்டம்பரில் சிக்கமாகாவில் வென்றவர், அந்த வெற்றியைத் தொடரத் தவறினார். அவருக்குக் கீழே இருந்த தளபதிகள் அவரை மாற்றச் சொல்லி மனுவே எழுதினார்கள். டேவிஸ் நேரில் வந்து, பிராக்கை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே ஒவ்வொரு தளபதியையும் கேட்டார். அவர் முகத்துக்கு நேராகவே, இவர் வேண்டாம் என்றார்கள். டேவிஸ் பிராக்கையே பதவியில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம், நவம்பர் 25ஆம் தேதி, மிஷனரி ரிட்ஜ் மலைமுகட்டில் அந்தப் படை உடைந்து ஓடியது. அதன் பிறகும் பிராக்குக்கு ரிச்மண்டில் இராணுவ ஆலோசகர் பதவி கிடைத்தது!

1864 ஜூலையில், அட்லாண்டா நகரை எதிரி நெருங்கிய நேரத்தில், டேவிஸ் ஜான்ஸ்டனை நீக்கிவிட்டு ஹூட் என்பவரை வைத்தார். ஹூட் முட்டி மோதித் தோற்றார். செப்டம்பர் 2ஆம் தேதி அட்லாண்டா வடக்குத் தளபதி ஷெர்மனிடம் விழுந்தது. எல்லாப் படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதியாக லீயை நியமித்தபோது 1865ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. போர் முடிய இரண்டு மாதங்கள்தான் இருந்தன.

இரண்டு நாள், இரண்டு கடிதங்கள்

மறுபடியும் 1863ஆம் ஆண்டு ஜூலைக்கு வருவோம். லீ வடக்கே பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டார். மேலிடத்தோடு மோதிய ஹூக்கர் பதவி விலகினார். ஜூன் 28ஆம் தேதி அதிகாலை ஜார்ஜ் மீட் என்பவரை எழுப்பி, இனி நீங்கள்தான் தளபதி என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் தம்மைக் கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்றுதான் மீட் முதலில் நினைத்தார்! மூன்றே நாளில் கெட்டிஸ்பர்க் போர் தொடங்கியது.

மூன்றாம் நாள், தம் மூத்த தளபதி லாங்ஸ்டிரீட் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், லீ 12 ஆயிரம் பேருக்கு மேல் திறந்த வெளியில் அனுப்பினார். பாதிப் பேர்தான் திரும்பினார்கள். தவறு என்னுடையதுதான் என்று திரும்பி வந்த வீரர்களிடம் லீ சொன்னார். அடுத்த மாதம் பதவி விலகவும் முன்வந்தார், டேவிஸ் ஏற்கவில்லை.

தோற்ற லீயை மீட் விரட்டிப் பிடிக்கவில்லை. லீ ஆற்றைக் கடந்துவிட்டார். போரை முடிக்கும் வாய்ப்பு போய்விட்டதே என்று லிங்கன் துடித்தார். ஜூலை 14ஆம் தேதி மீட்டுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடித்து, உறையில் போட்டு, அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை என்று குறித்து வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அது உலகுக்குத் தெரிந்தது.

அதற்கு முந்தைய நாள், ஜூலை 13ஆம் தேதி, இன்னொரு கடிதம் எழுதியிருந்தார். அதை அனுப்பினார். அது மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடித்த யூலிசிஸ் கிரான்ட்டுக்கு. 47 நாள் முற்றுகைக்குப் பிறகு ஜூலை 4ஆம் தேதி சுமார் 29 ஆயிரம் தெற்கு வீரர்கள் அங்கே சரணடைந்தார்கள். கிரான்ட்டின் திட்டம் தவறு என்றுதான் லிங்கன் இடையில் நினைத்திருந்தார். அந்த எண்ணத்தை அவர் வெளியே சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்தது சரி, நான் நினைத்தது தவறு என்று நாட்டின் அதிபர் தமக்குக் கீழே உள்ள ஒருவருக்குத் தாமாக எழுதினார்.

குறை சொல்லும் கடிதம் மேசைக்குள். தம் தவற்றை ஒப்புக்கொள்ளும் கடிதம் தபாலில். தலைமைத்துவம் பற்றி நான் படித்ததில் இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

தோல்வி என்றால் தவறு உங்களுடையதல்ல

கிரான்ட் யார்? 1854இல் இராணுவத்தை விட்டு விலகியவர். குடிப்பழக்கம் என்று ஊர் பேசியது. விறகு விற்றார். தந்தையின் தோல் கடையில் தம்பிகளோடு வேலை பார்த்தார். போர் வந்தபோது மறுபடி சீருடை அணிந்தார். 1862 ஏப்ரலில் ஷைலோவில் எதிர்பாராத தாக்குதலில் சிக்கி, பெரும் இழப்போடுதான் மீண்டார். அவரை நீக்கச் சொல்லிக் கூக்குரல் எழுந்தது. லிங்கன் விட்டுக்கொடுக்கவில்லை.

1864 மார்ச் மாதம் எல்லாப் படைகளுக்கும் தலைமைத் தளபதியானார். நீங்கள் விரும்பும் ஆளை என் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மீட் தாமாகவே சொன்னார். கிரான்ட் அவரையே தொடரச் செய்தார். அந்தப் பெருந்தன்மை இரு பக்கமும் இருந்தது.

ஏப்ரல் 30ஆம் தேதி லிங்கன் அவருக்கு எழுதினார்: உங்கள் திட்டத்தின் விவரம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. மறுநாள் கிரான்ட் பதில் எழுதினார். கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது, நான் எதிர்பார்த்த வெற்றி வராமல் போனால், தவறு உங்களுடையதல்ல என்றுதான் என்னால் சொல்ல முடியும் என்ற பொருளில் அந்தப் பதில் இருந்தது.

மெக்லெல்லன் அடித்த தந்தியை இப்போது நினைத்துப் பாருங்கள். அதே நாடு, அதே அதிபர், அதே படை. ஒருவர் தோற்றபின் பழியை மேலே தள்ளினார். மற்றவர் சண்டை தொடங்கும் முன்பே பழியைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார்.

கிரான்ட்டும் தவறே செய்யாதவர் இல்லை. மே மாதம் வில்டர்னஸ் காட்டில் 17 ஆயிரம் பேருக்கு மேல் இழப்பு. முன்பிருந்த தளபதிகள் இப்படி அடி வாங்கியதும் வடக்கே திரும்பிப் போவார்கள். கிரான்ட் சாலைச் சந்திப்பில் தெற்கே திரும்பினார். களைத்துப் போயிருந்த வீரர்கள் அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். ஆனால் ஜூன் 3ஆம் தேதி கோல்ட் ஹார்பரில் அவர் உத்தரவிட்ட தாக்குதலில் ஆயிரக்கணக்கானவர்கள் வீணாக மாண்டும் காயமடைந்தும் வீழ்ந்தார்கள். அந்த உத்தரவுக்காக வருந்தியதைத் தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதினார்.

இந்த இழப்புகளால் வடக்கில் மக்கள் சலித்துப் போனார்கள். 1864 அதிபர் தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? அதே மெக்லெல்லன்! அட்லாண்டா விழுந்த செய்தி நேரத்தில் வந்தது. லிங்கன் வென்றார். தோற்றிருந்தால் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளின் விடுதலை என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தளபதிகளின் கௌரவப் பிரச்சினை என்று நாம் பேசிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இத்தனை மனிதர்களின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது.

சேறு படிந்த சட்டை

1865 ஏப்ரல் 9ஆம் தேதி அப்பொமாட்டக்ஸ் என்ற சிற்றூரில் லீ சரணடைந்தார். தோற்றவர் புத்தம்புது சீருடையில் வந்தார். வென்றவர் சாதாரண வீரனின் சட்டையில், சேறு படிந்த காலணியோடு வந்தார். கிரான்ட் யாரையும் சிறைப்படுத்தவில்லை. வீட்டுக்குப் போங்கள், உங்கள் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டு போங்கள், உழவுக்கு வேண்டுமே என்றார். பசித்திருந்த எதிரிகளுக்கு 25 ஆயிரம் பேருக்கான உணவு அனுப்பினார். ஐந்தே நாளில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அடிமை முறை அரசியல் சட்டப்படியே ஒழிந்தது.

நேயர்களே! வடக்கில் ஆளும் ஆயுதமும் 1861இலேயே இருந்தன. பழியைச் சுமக்கும் மனமும் காரியத்தை முடிக்கும் திறமையும் சேர்ந்த ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலுக்கு விலை கொடுத்தவர்கள் தளபதிகள் இல்லை. பெயர் தெரியாத வீரர்கள்.

குடும்பமோ, அலுவலகமோ, ஆலய நிர்வாகமோ, இயக்கமோ, நாம் ஒரு பொறுப்பில் இருந்தால் நம்மிடமும் இரண்டு கடிதங்கள் இருக்கும். கோபத்தில் எழுதியது ஒன்று. நான் நினைத்தது தவறு என்று எழுத வேண்டியது இன்னொன்று. எதை அனுப்புகிறோம், எதை மேசைக்குள் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் நாம் மாற்றித்தான் அனுப்பிவிடுகிறோம்.

அன்று என் காதில் ஒலித்த இரண்டு குரல்களில் ஒன்றாவது "தவறு என்னுடையது" என்று சொல்லியிருந்தால், அடுத்த நாள் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பேன். அன்று எல்லார் முன்னும் விழித்து நின்ற நானும் அந்த இருவரை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கத் தவறு ஏதாவது இருந்ததா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.